காகிதத்துக்கு எலும்பு கிடையாது

மீன் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "செத்து எவ்ளோ நேரம் ஆச்சு?" செவுளைத் தூக்கிக் காட்டுவேன். சிவப்பைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பட்டினப்பாக்கத்தில் முப்பது வருஷம் கூடை வைத்து உட்கார்ந்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஏழு பதில் இருந்தது. அதில் இரண்டு உண்மை.

அவர் ஒருவர்தான் மாற்றிக் கேட்டார். உயரமான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, காலில் மட்டும் மலை ஏறுகிறவன் போடுகிற கனமான பூட்ஸ். வஞ்சிரத்தைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது சாகறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"காலைல வந்த மீனு சார். இப்பதான் எறக்கனது."

"செத்து எவ்வளவு நேரம்னு கேக்கல. சாகறதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துச்சு?"

"நான் இன்னா, படகுல ஸ்டூலு போட்டு பக்கத்துலயா குந்திக்கினு இருந்தேன்? வஞ்சிரத்தையே கேளு சார், நல்ல மூடுல இருந்தா சொல்லும்."

பக்கத்துக் கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அரைக் கிலோ கேட்டார். வெட்டிப் போட்டு, வழக்கம்போல ஒரு பிடி காரப்பொடி மீனைக் கொசுறாக மேலே தூவினேன். அவர் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கூடையிலேயே திருப்பிப் போட்டார். "நான் அரைக் கிலோதான் கேட்டேன்" என்றார். கொசுறு போதாது என்று சண்டை போட்டவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கொசுறைத் திருப்பித் தந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் இறந்து போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இப்போதும் மருமகள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது 'சரியாக அரைக் கிலோ' என்றால் நான் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்க்கிறேன்.

எனக்கு முட்டி இரண்டும் போன பிறகு கூடை மருமகள் கைக்குப் போனது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மருமகளுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவேன், அது என் சோற்றுக்கே ஆபத்து. அந்தச் சமயத்தில் அவர் வீட்டுக்குச் சமைக்க ஆள் தேடினார்கள். அடையாறில் பழைய ஃப்ளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முட்டி போனவளுக்கு மாடி வீட்டு வேலை. என்னைப் படைத்தவனும் என்னைப் போலவே கிண்டல்காரன்தான்.

சாந்தோம் கோயிலைச் சேர்ந்த குடும்பம் அவருடையது. இளம் வயதிலேயே அமெரிக்கா போய், பனிமலை இருக்கிற ஒரு மாநிலத்தில், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. மனைவி தவறிப் போனதும் இரண்டு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். ஒரே மகள் அங்கேயே இருக்கிறது. முதல் நாளே நான் கேட்டேன்.

"அங்க இன்னா சார் பொழுதுபோக்கு?"

"வேட்டை."

"இன்னாத்த?"

"எல்க்."

அதுவும் மான்தானாம். நான் கிண்டிப் பூங்கா மானை நினைத்துக்கொண்டு, "பாவம் சார், கொயந்தைங்க பொரி போடுமே அதுக்கு" என்றேன். அவர் போனில் படம் காட்டினார். சமையலறைக் கதவில் நுழையாது அந்த மான். எருமைக்கு மேல் உயரம், தலையில் முருங்கை மரத்தையே பிடுங்கி வைத்த மாதிரி கொம்பு.

அவர் பெட்டியில் வேட்டைச் சாமான் எதுவும் இல்லை. விமானத்தில் விடுவார்களா என்ன? கொண்டுவந்தது இரண்டே பொருள். நகைக்கடையில் இருப்பதுபோல ஒரு குட்டித் தராசு. பிறகு, எண்களாக எழுதிய ஒரு தடி நோட்டு. தராசைச் சமையல் மேடையிலேயே வைத்திருந்தார். டீத்தூள் அதில் நிறுத்துத்தான் போட வேண்டும். நான் கையால் அள்ளிப் போட்டேன். மறுநாள் சொன்னார், "நேத்து டீயும் இன்னைக்கு டீயும் ஒண்ணு இல்லம்மா."

"நேத்து நானும் இன்னைக்கு நானும் ஒண்ணு இல்ல சார். முட்டி எவ்ளோ வலிக்குதோ அவ்ளோ தூளு."

அவர் தராசை என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. அவரோடு சண்டை போடுவது சுவரோடு பந்து விளையாடுவது மாதிரி. நாம் போட்டதுதான் திரும்பி வரும்.

அந்தத் தராசு எதற்கு என்று ஒரு நாள் விளக்கினார். அவர் கடையில் தோட்டா வாங்க மாட்டாராம், தானே செய்வாராம். பித்தளைக் குப்பி, அதன் அடியில் தீபாவளித் துப்பாக்கியில் வைக்கிற மாதிரி ஒரு கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் என்பது இரண்டு மூன்று அரிசி எடை. நிறுக்கும்போது பேசக்கூடாது, ரேடியோ கூடாது, பாட்டு கூடாது.

"எனக்கு அந்த வேலை ஒத்துவராது சார். பேசாம நிறுத்தா மீனே விக்காது."

மறுநாள் மகன் வலையிலிருந்து பத்து ஈயக் குண்டு கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வயதானவருக்கு விளையாட ஏதாவது வேண்டாமா? அவர் பத்தையும் தராசில் ஏற்றி இறக்கி, வரிசையாக அடுக்கி, "ரெண்டு கூட ஒத்துப்போகல" என்று வருத்தப்பட்டார். வருத்தம் என்றால் நிஜ வருத்தம். அன்று சாப்பாடு பாதிதான் இறங்கியது.

எல்லாவற்றிலும் அவர் அப்படிக் கறார் என்று நினைத்தால் தப்பு. லுங்கியைத் திருப்பிக் கட்டியிருப்பார், தெரியாது. காஸ் பில்லை மூன்று தடவை தொலைத்தார். அவர் தராசு ஒரே ஒரு கேள்வியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அது எனக்குப் புரிய நாளானது.

நண்டு சமைத்த அன்று கொஞ்சம் புரிந்தது. உயிர் நண்டின் காலை நான் பட்பட்டென்று ஒடித்தேன். சத்தம் கேட்டு வந்தவர் என் கையைப் பிடித்துவிட்டார். "முதல்ல குத்திடு. ஒரே குத்து. அப்புறம் ஒடி." என் கையை அதற்கு முன் பிடித்த ஆம்பிளை என் புருஷன் ஒருவர்தான். அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் நண்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் புருஷன் கதை வந்தது. அவர் செத்ததைச் சொன்னால் எல்லாரும் என்ன வயசு, என்ன வியாதி என்றுதான் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"எத்தனை அடி நடந்தாரு?"

"இன்னா சார் கேக்கற? படுத்த படுக்கையா கெடந்தாரு."

"தெரியும்மா. அடிபட்டதுக்கு அப்புறம் எவ்வளவு தூரம்னு கேக்கறேன்."

நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். "மூணு மாசம் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மாசத்தை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்ட ஆள் அவர்தான்.

அவருக்கும் நோய் இருந்தது. அதற்காகவும்தான் ஊர் திரும்பினாரோ என்னவோ, சொல்லவில்லை. வாரம் ஒரு முறை ஊசி போட ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒரு நாள் இளம் டாக்டர் ரிப்போர்ட்டை விரித்து, எண்ணெல்லாம் இறங்கியிருக்கிறது, அருமையாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். இவர் அன்று அந்த மாடிப்படியில் நாலு இடத்தில் உட்கார்ந்து இறங்கி வந்தவர்.

"காகிதத்துக்கு எலும்பு கிடையாது டாக்டர்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? "அவரு எப்பவும் அப்டிதான் சார், மான் சுடறவரு" என்றேன். டாக்டருக்கு இன்னும் குழப்பம். அடுத்த மாசத்தோடு இவர் ஊசியை நிறுத்திக்கொண்டார்.

அந்த வாக்கியம் அவர் வாயில் அடிக்கடி வரும். வாடகைப் பத்திரத்தைப் பார்த்தாலும் சொல்வார், வானிலை அறிக்கைக்கும் சொல்வார். எங்கிருந்து வந்தது என்று மகள் போன் பண்ணிய ஒரு காலையில்தான் தெரிந்தது.

நமக்குக் காலை ஏழு மணி, அங்கே முந்தின நாள் சாயங்காலம். போனில் முகம் தெரிகிற மாதிரி வைத்துப் பேசுவார்கள். அவர் வலது கண், குறி பார்க்கிற கண், அதற்குள் மங்கிவிட்டது. இடதும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அதனால் போனைப் பிடிப்பது என் வேலை. அந்தப் பெண் என்னை ஆன்ட்டி என்றது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு ஆன்ட்டி பட்டம்.

எல்க் சுட அங்கே சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம். மகளுக்குப் பல வருஷம் கழித்து அந்த முறை சீட்டு விழுந்திருந்தது. அப்பாவின் துப்பாக்கி, அப்பா செய்த தோட்டா, அப்பா இல்லாமல் முதல் தடவை. அவர் விட்டுவந்த தோட்டா இரண்டு வகை. பச்சைப் பெட்டியில் இலேசான குண்டு, வேகமாகப் போகும். ஒரு பழைய காப்பி டப்பாவில் கனத்த குண்டு, மெதுவாகப் போகும். மகள் இரண்டையும் காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசியது. காகிதத்தைத் தூக்கிக் காட்டியது. அவருக்குக் கண் தெரியாது என்பதால் நான் பார்த்துச் சொன்னேன்.

"பச்சை மூணும் ஒரே ஓட்ட சார். ஒரு மிளகு நுழையும். டப்பா மூணும் தனித்தனியா கீது, எங்க வூட்டு அண்ணன் தம்பிங்க மாதிரி."

"பாத்தீங்களாப்பா? ஆன்ட்டியே சொல்றாங்க. நான் பச்சை எடுத்துக்கறேன்."

"டப்பாவ எடும்மா."

"ஏம்ப்பா? இவ்வளவு அழகா விழுது."

"காகிதத்துக்கு எலும்பு கிடையாதும்மா."

"எப்பப் பாத்தாலும் இதையே சொல்றீங்க. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது நீங்களும் பச்சைதானே கொண்டுபோனீங்க? மிஸ் ஆயிடுச்சுன்னு வெறுங்கையோட வந்தீங்க. ஒரு தடவை மிஸ் ஆனதுக்காக அந்தத் தோட்டாவே மோசமா?"

மகள் இரண்டு தடவை "அப்பா, அப்பா" என்றது. நான் படம் நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன். அவர் முகம்தான் நின்றிருந்தது.

"மிஸ் ஆகல" என்றார்.

பிறகு மெதுவாக, மருந்து நிறுக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக வைத்தார். அந்த வருஷம் அவரும் காகிதத்தைப் பார்த்து மயங்கித்தான் பச்சையை எடுத்துப் போனார். பெரிய எல்க். தோளில் பட்டது. இலேசான குண்டு தோள் எலும்பில் மோதிச் சிதறிவிட்டது, உள்ளே போகவில்லை. அது விழவில்லை, நடந்தது. இவர் ரத்தச் சொட்டைப் பார்த்துப் பின்னாலேயே நடந்தார், அடி எண்ணிக்கொண்டே. இருட்டும்வரை போய், மறுநாள் விடிந்ததும் மறுபடி போனார். பனி கொட்டித் தடத்தை மூடிவிட்டது. எட்டாயிரம் அடிக்கு மேல் எண்ணிக்கையை விட்டுவிட்டார். ஒரு ஓடைக்கரையில் நின்று, திரும்பி வந்துவிட்டார்.

"வீட்டுக்கு வந்து மிஸ் ஆயிடுச்சுன்னு சொன்னேன். உங்கம்மாவுக்கும் அதேதான் சொன்னேன். அது இன்னும் நடந்துக்கிட்டே இருக்கும்மா. எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு. உன்னுதும் நடக்கக்கூடாது."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அன்னைக்கு நீங்க பூட்ஸைக் கழட்டாமலே ராத்திரி வரைக்கும் டைனிங் டேபிள்ல உக்காந்திருந்தீங்க. அம்மா திட்டுனாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு." மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னது, "டப்பாவையே எடுத்துக்கறேன்ப்பா."

ஆனால் டப்பாவில் மிஞ்சியது இரண்டே தோட்டா. பழகிக்கொள்ள மகளே அங்கே புதிதாகச் செய்ய வேண்டும். மருந்தின் கணக்கு இங்கே நோட்டில் இருக்கிறது, அவருக்குக் கண் இல்லை. நான் இரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். எழுத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், எண்ணை மட்டும் தண்ணியாகச் சொல்வேன். டப்பாவின் படம் வரைந்திருந்த பக்கத்தை எடுத்து வாசித்தேன். மகள் அங்கே எழுதிக்கொண்டது. கடைசி வரிசைக்கு வந்தேன்.

"அம்பத்தி ஏழு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழவே முடியாத மனுஷன். "ஏழா? பின்னாடி புள்ளி இருக்கா பாரு."

பார்த்தேன். ஐம்பத்தாறு, ஒரு புள்ளி, ஐந்து. ஐம்பத்தாறரை. கூடையில் முப்பது வருஷம் இருந்த நாக்கு. அரையை நான் எப்போதும் முழுசாக்கித்தான் சொல்வேன், வாங்குகிறவர் மனசு குளிரும் என்று.

"அரைதானே சார். ஒரு அரிசி எட. கொசுறுன்னு வச்சிக்கோ."

"அந்த ஒரு அரிசிலதான்மா அளவு தாண்டுது. துப்பாக்கியே வெடிக்கும். அது என் பொண்ணு கன்னத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அந்தப் பக்கத்தை முதலிலிருந்து மூன்று தடவை, புள்ளி புள்ளியாக வாசித்தேன். மகள் திருப்பிச் சொல்லச் சொல்ல விரல் வைத்துச் சரிபார்த்தேன். அன்று மத்தியானம் டீத்தூளை நானே தராசில் நிறுத்தேன். அவர் அதைக் கவனித்தாரா தெரியாது.

பிறகு காத்திருந்தோம். அவருக்கு உடம்பு கீழே கீழே போனது. கஞ்சி, அதுவும் நாலு ஸ்பூன். பேச்சும் குறைந்துவிட்டது. நான் பட்டினப்பாக்கத்து வம்பை எல்லாம் கொண்டுவந்து கொட்டினேன், எந்தக் கடைக்காரி யாரோடு மயிர்பிடிச் சண்டை, யார் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்தது என்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில், "இன்னைக்கு அங்க பனி பெய்யுமா?" என்பார். பட்டினப்பாக்கத்துக்கே எப்போது மழை வரும் என்று தெரியாத என்னிடம் அமெரிக்காப் பனியைக் கேட்டால்? "லேசா தூறும் சார், கொட எடுத்துக்கினு போயிருக்கும் பொண்ணு" என்பேன்.

மகள் மலைக்குப் போன ஆறாம் நாள் காலை போன் அடித்தது. அவரால் அதைத் தூக்க முடியவில்லை. நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மகள் மலைமேல் இருந்து பேசியது, முகம் தெரியவில்லை, காற்றுச் சத்தம்.

"ஆன்ட்டி, அப்பா முழிச்சிட்டு இருக்காரா? ஒரே தோட்டா. குண்டு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துடுச்சு." அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. "ஆனா நடந்துச்சு ஆன்ட்டி. நான் எண்ணிட்டே போனேன். நூத்திப் பன்னெண்டு அடி. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் இப்ப அது பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

லைன் போய்விட்டது.

அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். ஆனால் தூங்கவில்லை. கழுத்து நரம்பு துடித்தது.

"சுட்டாளா?"

"சுட்டுது சார். ஒரே தோட்டா. இந்தாண்ட பூந்து அந்தாண்ட வந்துச்சாம்."

"எத்தனை அடி நடந்துச்சு?"

முப்பது வருஷம் ஆள் முகம் பார்த்து எடை போட்டவள் நான். அந்த முகத்தைப் பார்த்தேன்.

"நாலு."

உதடு லேசாகக் கோணியது. சிரிப்புத்தான். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"நீ மீன்காரி. நாலுன்னா நாப்பது இருக்கும்."

"சரி, நாப்பதுன்னே வச்சிக்கோ."

"நூறு இருக்குமா?"

நான் முந்தானையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நூறுன்னா ஒண்ணும் இல்லம்மா. நெஞ்சுல பட்டாலும் எல்க்கு நூறு அடி நடக்கும். அது பெருசு." மூச்சு வாங்கிக்கொண்டார். "இவ பின்னாடியே போனாளா? பாதில திரும்பலையே?"

"கடசி வரிக்கும் போச்சு சார். இப்பகூட அது பக்கத்துல குந்திக்கினுதான் போன் பண்ணுச்சு."

"இதுல கொசுறு?"

"இல்ல சார். இது சரியான எட."

அவர் கழுத்து நரம்பு அடங்கியது. கால் விரல்களை ஒரு தடவை நீட்டி மடக்கினார், பூட்ஸைக் கழற்றின பிறகு செய்கிற மாதிரி.

"டீ போடட்டா சார்?"

"போடு."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். தராசை எடுத்துத் துடைத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தராசு வேணாம்மா. கைல அள்ளிப் போடு."